மென்திசுக் கட்டி அறுவைக்குப் பிந்தைய காயக்கட்டு

மென்திசுக் கட்டி அறுவைக்குப் பிந்தைய காயக்கட்டு என்பது, தசை, கொழுப்பு, நார்த்திசு, நரம்பு, குருதிக்குழாய் போன்ற மென்திசுக்களில் தோன்றிய கட்டியை அறுவைச் சிகிச்சை மூலம் அகற்றிய பின்னர் அக்காயத்தின் மீது வைக்கப்படும் பாதுகாப்பு உறை ஆகும். மருத்துவமனைகளில் பேச்சு வழக்கில் இது டிரெஸ்ஸிங் எனப்படுகிறது. எளிய பருத்தி வலைத்துணி முதல் மின்விசையால் இயங்கும் உறிஞ்சுகருவி வரை பல வகைக் காயக்கட்டுகள் பயன்பாட்டில் உள்ளன.

காயத்தை ஆற்றுவது உடலே ஆகும். அதற்கு ஏற்ற ஈரப்பதம், தூய்மை, வெப்பநிலை, அசைவின்மை ஆகியவற்றைப் பேணுவதே காயக்கட்டின் பணி. ஆகவே எக்காயக்கட்டு சிறந்தது என்ற வினாவுக்குப் பொதுவான விடை இல்லை. காயம் மூடப்பட்டுள்ளதா திறந்துள்ளதா, எவ்வளவு நீர் கசிகிறது, அடியில் வெற்றிடம் உள்ளதா, அவ்விடம் முன்னரே கதிர்வீச்சுக்கு உட்பட்டதா என்பனவே தேர்வைத் தீர்மானிக்கின்றன. புற்றுக்கட்டி அகற்றப்பட்டவர்களில் காயம் ஆறுவது தாமதமானால் அடுத்து அளிக்கப்படவேண்டிய கதிர்வீச்சுச் சிகிச்சையோ வேதிச்சிகிச்சையோ தாமதமாகக்கூடும். எனவே இங்கு காயப் பராமரிப்பு புற்றுநோய்ச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது.

மென்திசுக் கட்டிகளும் அறுவையும்

மென்திசுக் கட்டிகளுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. கொழுப்புக் கட்டி இவற்றுள் மிகவும் பொதுவானது. இவ்வகைக் கட்டி அகற்றப்படும்போது ஏற்படும் காயம் பெரும்பாலும் சிறியது. சில தையல்களுடன் மூடப்பட்டு விரைவில் ஆறிவிடும்.

தீங்கான மென்திசுக் கட்டிகள் மென்திசுச் சர்கோமா எனப்படுகின்றன. வயது வந்தோரில் ஏற்படும் புற்றுநோய்களில் இவை ஏறத்தாழ 1 விழுக்காடு மட்டுமே. இவற்றுள் ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. உடலின் எப்பகுதியிலும் தோன்றக்கூடும் எனினும் கைகால்களில், குறிப்பாகத் தொடையில், மிகுதியாகக் காணப்படுகின்றன.

முற்காலத்தில் கைகால்களில் சர்கோமா தோன்றினால் அவ்வுறுப்பையே துண்டித்து அகற்றுவது வழக்கமாக இருந்தது. ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஸ்டீவன் ரோசன்பெர்க் குழுவினர் 43 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 1982 ஆம் ஆண்டில் வெளியானது. இதில் 16 பேருக்கு உறுப்பு துண்டிக்கப்பட்டது. 27 பேருக்குக் கட்டி மட்டும் அகற்றப்பட்டுக் கதிர்வீச்சு அளிக்கப்பட்டது. இரு குழுவினரின் உயிர்வாழ்விலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இதன் பின்னர் உறுப்பைக் காக்கும் அறுவை முதன்மை முறையாக வளர்ந்தது. உறுப்பு காக்கப்பட்டதால், கதிர்வீச்சுக்கு உட்பட்ட பெரிய காயங்களை ஆற்ற வேண்டிய தேவையும் கூடவே எழுந்தது.

பிற அறுவைக் காயங்களிலிருந்து வேறுபாடு

சர்கோமா அறுவையில் கட்டி தனியாகத் தோண்டி எடுக்கப்படுவதில்லை. கட்டியைச் சுற்றியுள்ள நலமான திசுவின் ஓர் அடுக்கும் சேர்த்தே அகற்றப்படுகிறது. முன்னர் ஊசித் திசுச் சோதனை செய்யப்பட்ட தடமும் சில வேளைகளில் உடன் அகற்றப்படும். இதனால் பின்வரும் நிலைமைகள் ஏற்படுகின்றன.

* தசை அகற்றப்பட்ட இடத்தில் வெற்றிடம் உருவாகிறது. அதில் ஊனீரும் குருதியும் தேங்குகின்றன.
* தோலுக்கு அடியிலுள்ள திசுவிலிருந்து தோல் அகலமாகப் பிரிக்கப்படுவதால் அதன் குருதியோட்டம் குறைகிறது.
* நிணநீர்க் குழாய்கள் வெட்டுப்படுவதால் கசிவும் வீக்கமும் மிகுகின்றன. தொடையின் உட்பகுதி, இடுப்புமடிப்பு ஆகிய இடங்களில் இது கூடுதலாக இருக்கும்.
* தோலும் அகற்றப்பட்டிருந்தால் காயத்தின் விளிம்புகள் இழுவிசையுடன் இணைக்கப்படும், அல்லது வேறிடத்திலிருந்து திசு கொண்டுவரப்படும்.
* அறுவைக்கு முன் கதிர்வீச்சு பெற்றிருந்தால் அவ்விடத்து உயிரணுக்களின் ஆற்றும் திறன் குன்றியிருக்கும்.

காயம் ஆறும் படிநிலைகள்

காயம் ஆறுதல் நான்கு படிநிலைகளாக விளக்கப்படுகிறது. இவை ஒன்று முடிந்த பின் மற்றொன்று என்று தனித்தனியே நிகழ்வதில்லை. ஒன்றன் மீது ஒன்று படிந்தே நிகழ்கின்றன.

குருதி உறைதல்: வெட்டுப்பட்ட குருதிக்குழாய்கள் சுருங்குகின்றன. குருதிச் சிறுதட்டுக்கள் ஒன்றுசேர்ந்து அடைப்பை உருவாக்குகின்றன. இது சில நிமிடங்களில் தொடங்குகிறது.

அழற்சி: முதல் சில நாட்களில் வெள்ளை அணுக்கள் காயத்துக்குள் நுழைந்து நுண்ணுயிர்களையும் இறந்த திசுவையும் அகற்றுகின்றன. பெருவிழுங்கிகள் வெளியிடும் வளர்ச்சிக் காரணிகள் அடுத்த படிநிலையைத் தூண்டுகின்றன. இக்காலத்தில் காயத்தைச் சுற்றி இலேசான சிவப்பு, வெம்மை, வீக்கம் ஆகியவை காணப்படுவது இயல்பே.

பெருக்கம்: ஏறத்தாழ மூன்றாம் நாளிலிருந்து சில வாரங்கள் வரை இது நீடிக்கும். நாரரும்பர்கள் எனப்படும் உயிரணுக்கள் கொலாஜென் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. புதிய நுண்குழாய்கள் முளைக்கின்றன. திறந்த காயத்தின் அடித்தளத்தில் சிவந்த, சிறுமணிகள் போன்ற புதுத்திசு வளர்கிறது. இது சிறுமணித் திசு எனப்படும். விளிம்புகளிலிருந்து புறத்தோல் உயிரணுக்கள் நகர்ந்து வந்து மேற்பரப்பை மூடுகின்றன.

மறுசீரமைப்பு: ஒழுங்கின்றி அமைந்த கொலாஜென் இழைகள் பல மாதங்களாக மாற்றியமைக்கப்படுகின்றன. தழும்பு படிப்படியாக வெளிறி மென்மையாகிறது.

தையலிட்ட காயத்தின் மேற்பரப்பு 24 முதல் 48 மணி நேரத்தில் புறத்தோலால் மூடப்பட்டுவிடும். ஆனால் அதன் வலிமை மிக மெதுவாகவே உயர்கிறது. முதல் வாரத்தின் முடிவில் இயல்பான தோலின் வலிமையில் ஏறத்தாழ 3 விழுக்காடும், மூன்று வாரங்களில் 20 முதல் 30 விழுக்காடும், மூன்று மாதங்களில் ஏறத்தாழ 80 விழுக்காடும் மட்டுமே பெறப்படுகின்றன. அதற்கு மேல் அது உயர்வதில்லை. வெளித்தோற்றத்தில் ஆறியதாகத் தெரியும் காயம் உள்ளே இன்னும் வலுவற்றதாக இருக்கலாம் என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

வரலாறு

காயங்களைத் தேன், கொழுப்பு, நார்த்துணி ஆகியவற்றால் மூடும் முறை பண்டைய எகிப்தின் எட்வின் சுமித் பாப்பிரசில் குறிப்பிடப்பட்டுள்ளது. இந்தியாவின் சுசுருத சங்கிதை கட்டு கட்டும் முறைகளை 14 வகைகளாகப் பிரித்துக் கூறுகிறது.

1867 ஆம் ஆண்டில் ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தில் தோய்த்த துணியைக் கொண்டு காயங்களில் சீழ் பிடிப்பதைத் தடுக்கும் முறையை வெளியிட்டார். 1880 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த அறுவை மருத்துவர் சாம்ப்சன் காம்ஜி, இரண்டு வலைத்துணி அடுக்குகளுக்கு இடையே உறிஞ்சும் பஞ்சை வைத்த காயக்கட்டை அறிமுகப்படுத்தினார். இது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

காயம் உலர்ந்து பொருக்குத் தட்டினால்தான் ஆறும் என்ற கருத்து நீண்ட காலம் நிலவியது. 1962 ஆம் ஆண்டில் ஜார்ஜ் வின்டர், பன்றிகளின் தோலில் செய்த ஆய்வை நேச்சர் இதழில் வெளியிட்டார். பாலித்தீன் படலத்தால் மூடி ஈரமாக வைக்கப்பட்ட மேலோட்டமான காயங்களில், காற்றில் உலரவிடப்பட்டவற்றைக் காட்டிலும் புறத்தோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. உலர்ந்த காயத்தில் புறத்தோல் உயிரணுக்கள் பொருக்கின் அடியில் ஈரமான அடுக்கைத் தேடிச் செல்ல வேண்டியுள்ளது. ஈரமான காயத்தில் அவை மேற்பரப்பிலேயே எளிதாக நகர்கின்றன. மறு ஆண்டில் ஹின்மன், மைபாக் ஆகியோர் மனிதரிடத்தும் இதே விளைவைக் கண்டனர். இன்றைய படலங்கள், நுரைப்பஞ்சுகள், கூழ்மங்கள் ஆகியவை இக்கருத்தின் அடிப்படையில் உருவானவையே.

காயக்கட்டு வகைகள்

* வலைத்துணி: பருத்தியால் நெய்யப்பட்டது, காஸ் என்று வழங்கப்படுவது. விலை குறைவு, எங்கும் கிடைக்கும். திறந்த காயத்தில் நேரடியாக வைத்தால் உலர்ந்து ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரிக்கும்போது புதிய திசுவும் கிழிந்து வலி ஏற்படும்.
* பாரபின் வலைத்துணி: மென்பாரபின் தோய்த்த வலைத்துணி. காயத்தில் ஒட்டுவது குறைவு. இதன் மேல் உறிஞ்சும் பஞ்சு தேவை.
* ஒளிபுகும் படலம்: பாலியூரித்தேனால் ஆன மெல்லிய ஒட்டுப்படலம். நீரையும் நுண்ணுயிர்களையும் தடுக்கும். நீராவியை வெளியேற விடும். காயத்தைப் பிரிக்காமலேயே பார்க்க இயலும். கசிவை உறிஞ்சாது.
* நுரைப்பஞ்சு: மிதமானது முதல் மிகுதியானது வரையான கசிவை உறிஞ்சும். மென்மையானதால் அழுத்தத்திலிருந்தும் காக்கும். சிலிக்கோன் பூசப்பட்டவை தோலைக் கிழிக்காமல் எடுக்கத்தக்கவை.
* ஹைட்ரோகொலாய்டு: கார்பாக்சிமீத்தைல் செல்லுலோசு, ஜெலட்டின், பெக்டின் போன்றவை கொண்டது. கசிவுடன் சேர்ந்து கூழாக மாறும். குறைந்த கசிவுள்ள மேலோட்டமான காயத்துக்கு ஏற்றது. தொற்றுள்ள காயத்துக்கு ஏற்றதன்று.
* ஹைட்ரோஜெல்: பெரும்பகுதி நீரால் ஆன கூழ். உலர்ந்த காயத்துக்கு ஈரம் தருகிறது; இறந்த திசுவை இளக்குகிறது.
* ஆல்ஜினேட்: பழுப்புக் கடற்பாசியிலிருந்து பெறப்படுவது. இதன் கால்சியம் அயனிகள் காயநீரின் சோடியம் அயனிகளுடன் இடம் மாறுவதால் இழைகள் கூழாகின்றன. மிகுந்த கசிவை உறிஞ்சும். சிறு குருதிக் கசிவை நிறுத்த உதவும். உலர்ந்த காயத்தில் பயன்படாது.
* வெள்ளி, அயோடின் கலந்தவை: நுண்ணுயிர்களைக் கட்டுப்படுத்துவன. தொற்று உள்ள காயத்தில் குறுகிய காலத்துக்குப் பயன்படுத்தப்படுகின்றன.
* எதிரழுத்தக் காயக்கட்டு: நுரைப்பஞ்சை ஒட்டுப்படலத்தால் காற்றுப் புகாமல் மூடி, குழாய் வழியே உறிஞ்சும் அமைப்பு.

காயத்தின் நிலைக்கேற்ற தேர்வு

மூடப்பட்ட காயம்

விளிம்புகள் தையலால் இணைக்கப்பட்ட காயத்துக்கு, ஒட்டாத எளிய காயக்கட்டே பெரும்பாலும் போதுமானது. அறுவை அரங்கில் இடப்பட்ட காயக்கட்டு, நனைந்தோ பிரிந்தோ போகாதவரை, ஏறத்தாழ 48 மணி நேரம் கலைக்கப்படாமல் விடப்படுகிறது. அடிக்கடி பிரித்துப் பார்ப்பது நுண்ணுயிர் புகவும் காயம் குளிரவும் இடமளிக்கும்.

விலை உயர்ந்த காயக்கட்டு தொற்றைத் தடுக்கும் என்ற எண்ணத்துக்குப் போதிய சான்று இல்லை. உலக சுகாதார அமைப்பு 2016 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி, மூடப்பட்ட அறுவைக் காயங்களில் தொற்றைத் தடுக்கும் நோக்கத்துக்காக எளிய காயக்கட்டுக்கு மாற்றாக உயர்வகைக் காயக்கட்டுகளைப் பயன்படுத்த வேண்டாம் எனப் பரிந்துரைக்கிறது.

வீங்கும் உறுப்பில் ஒட்டுநாடாவை இழுத்து ஒட்டினால் தோலில் கொப்புளங்கள் தோன்றும். எனவே நாடா இழுக்கப்படாமல் ஒட்டப்பட வேண்டும். சுற்றுத்துணி கட்டப்படும் கைகால்களில் விரல்களிலிருந்து உடலை நோக்கிச் சீராகச் சுற்றுவதும், விரல்களின் நிறத்தையும் உணர்ச்சியையும் கவனித்துவருவதும் தேவை.

திறந்த காயம்

தொற்று அல்லது தையல் பிரிதல் காரணமாகக் காயம் திறந்திருந்தால், அது அடியிலிருந்து மேல்நோக்கி நிரம்பி ஆற வேண்டும். மேற்பரப்பு முதலில் மூடிக்கொண்டால் அடியில் சீழ் தேங்கும். ஆகவே ஆழமான குழியில் ஆல்ஜினேட் நாடா போன்ற உறிஞ்சும் பொருள் தளர்வாக வைக்கப்பட்டு, அதன் மேல் நுரைப்பஞ்சோ வலைத்துணியோ இடப்படுகிறது. இறுக்கித் திணித்தால் குருதியோட்டம் தடைப்படும். உள்ளே வைக்கப்பட்ட துண்டுகளின் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் குறித்துவைக்கப்படுகிறது. விடுபட்ட ஒரு துண்டே காயம் ஆறாமைக்குக் காரணமாகலாம்.

கசிவு குறையக் குறையக் காயக்கட்டும் மாற வேண்டும். முதல் வாரத்தில் ஏற்றதாயிருந்த ஆல்ஜினேட், நான்காம் வாரத்தில் காயத்தை உலர்த்திவிடும்.

தோல் ஒட்டு

தோலை அகற்றிய இடத்தில், பெரும்பாலும் தொடையிலிருந்து சீவி எடுக்கப்பட்ட மெல்லிய தோல் ஒட்டப்படுகிறது. புதிய குருதிக்குழாய்கள் வளரும்வரை அது அடித்தளத்தோடு அசையாமல் பொருந்தியிருக்க வேண்டும். அடியில் குருதியோ ஊனீரோ தேங்கினால் ஒட்டு அழிந்துவிடும். எனவே அழுத்திக் கட்டும் காயக்கட்டு அல்லது எதிரழுத்தக் காயக்கட்டு இடப்பட்டு, பொதுவாக ஏறத்தாழ ஐந்து நாட்கள் கலைக்கப்படாமல் விடப்படுகிறது.

தோல் எடுக்கப்பட்ட இடம், ஒட்டப்பட்ட இடத்தைக் காட்டிலும் மிகுந்த வலி தருவதுண்டு. அங்கு ஆல்ஜினேட், படலம், பாரபின் வலைத்துணி ஆகியவை பயன்படுகின்றன. இந்தியாவில், துணியில் ஒட்டி நுண்ணுயிர் நீக்கப்பட்ட வாழையிலையை இவ்விடத்துக்குக் காயக்கட்டாகப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வொன்று 2003 ஆம் ஆண்டில் வெளியானது. பாரபின் வகை வலைத்துணியுடன் ஒப்பிட்டபோது வாழையிலையைப் பிரிப்பதில் வலி குறைவாக இருந்தது. இலையின் வழவழப்பான, நீர் ஒட்டாத மேற்பரப்பு காயத்தில் ஒட்டாதிருப்பதே இதன் நன்மையாகும்.

திசுமடல்

எலும்பு, பெருங்குருதிக்குழாய், நரம்பு ஆகியவை வெளித்தெரியும் இடத்தில் தோல் ஒட்டு நிலைக்காது. அங்கு தனக்கெனக் குருதிக்குழாய் உடைய தசை அல்லது தோல் மடல் கொண்டுவரப்படுகிறது. முதல் சில நாட்களில் மடலின் நிறம், வெம்மை, குருதி நிரம்பும் வேகம் ஆகியவை அடிக்கடி சோதிக்கப்பட வேண்டும். ஆகையால் மடலை முழுவதும் மூடாமல் பார்ப்பதற்கு இடம் விட்டே காயக்கட்டு இடப்படுகிறது. குருதிக்குழாய் வரும் பாதையின் மீது இறுக்கமான கட்டோ நாடாவோ படக்கூடாது.

வடிகுழாயும் ஊனீர்த் தேக்கமும்

வெற்றிடத்தில் சேரும் நீரை வெளியேற்ற உறிஞ்சும் வடிகுழாய் வைக்கப்படுகிறது. சர்கோமா அறுவையில் இக்குழாய் காயத்துக்கு அருகிலேயே, வெட்டுக்கோட்டின் நேர்கோட்டில் தோலை விட்டு வெளியேறுமாறு அமைக்கப்படுகிறது. குழாயின் தடத்தில் புற்றணுக்கள் படிந்திருக்கக்கூடும் என்பதால், மறு அறுவை அல்லது கதிர்வீச்சு தேவைப்படும்போது அத்தடத்தையும் எளிதில் உள்ளடக்குவதே இதன் நோக்கம். இதே காரணத்தால் கைகால்களில் வெட்டு குறுக்காக அன்றி நீளவாக்கில் இடப்படுகிறது.

ஒரு நாளில் சேரும் நீரின் அளவு பதிவு செய்யப்பட்டு, அது போதிய அளவு குறைந்த பின் குழாய் அகற்றப்படுகிறது. பல மருத்துவமனைகளில் 24 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 30 மில்லிலீட்டர் என்பது எல்லையாகக் கொள்ளப்படுகிறது. அகற்றிய பின்னரும் நீர் சேர்ந்தால் அது ஊனீர்த் தேக்கம் எனப்படும். சிறிய தேக்கம் தானாகவே உறிஞ்சப்படும். பெரியது ஊசி மூலம் எடுக்கப்படுகிறது. மேலே இடப்படும் எந்தக் காயக்கட்டும் ஆழத்திலுள்ள வெற்றிடத்துக்கு மாற்றாகாது.

எதிரழுத்தச் சிகிச்சை

ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த லூயி அர்ஜென்டா, மைக்கேல் மொரிக்வாசு ஆகியோர் 1997 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுகளுக்குப் பின் இம்முறை பரவலானது. வளிமண்டல அழுத்தத்தைவிட 125 மில்லிமீட்டர் பாதரசம் குறைவான அழுத்தம் பொதுவாகப் பயன்படுகிறது. இது கசிவை வெளியேற்றுகிறது, வீக்கத்தைக் குறைக்கிறது, விளிம்புகளை நெருக்குகிறது, சிறுமணித் திசு வளர்ச்சியைத் தூண்டுகிறது. தையலிட்டு மூடிய, ஆனால் சிக்கல் ஏற்படும் வாய்ப்பு மிகுந்த காயங்களின் மீதும் இது இடப்படுவதுண்டு.

புற்றுநோயில் இதற்கு முக்கியமான வரம்பு ஒன்று உள்ளது. காயத்தில் புற்றுத்திசு எஞ்சியிருந்தால் இது பயன்படுத்தப்படக்கூடாது. திசு வளர்ச்சியைத் தூண்டும் சூழல் புற்றணுக்களுக்கும் உதவக்கூடும் என்பதே அச்சம். எனவே விளிம்புகளில் புற்று இல்லை என்பதை நோயியல் அறிக்கை உறுதிசெய்யும்வரை திறந்த காயங்களில் மருத்துவர்கள் எச்சரிக்கையுடன் செயல்படுகின்றனர். வெளித்தெரியும் குருதிக்குழாய், நரம்பு ஆகியவற்றின் மீதும் இது நேரடியாக வைக்கப்படக்கூடாது. ஐக்கிய அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2009, 2011 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட எச்சரிக்கைகளில் குருதிப்போக்கை மிகக் கடுமையான பக்கவிளைவாகக் குறிப்பிட்டது.

கதிர்வீச்சும் காயமும்

கதிர்வீச்சு புற்றணுக்களை மட்டுமன்றி நாரரும்பர்களையும் நுண்குழாய்களின் உட்சுவரையும் தாக்குகிறது. இதனால் கொலாஜென் உருவாக்கம் குறைகிறது, குருதியோட்டம் குன்றுகிறது.

கதிர்வீச்சை அறுவைக்கு முன் அளிப்பதா பின் அளிப்பதா என்ற வினாவை ஆராய்ந்த கனடிய ஆய்வு, பிரையன் ஓசல்லிவன் குழுவினரால் 2002 ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வெளியிடப்பட்டது. கைகால்களில் சர்கோமா உடைய 190 பேர் இதில் பங்கேற்றனர். அறுவைக்கு முன் 50 கிரே அளவும், அறுவைக்குப் பின் 66 கிரே அளவும் அளிக்கப்பட்டன. அறுவையிலிருந்து 120 நாட்களுக்குள் ஏற்பட்ட பெரிய காயச் சிக்கல்கள் முன் பெற்றவர்களில் 35 விழுக்காடாகவும், பின் பெற்றவர்களில் 17 விழுக்காடாகவும் இருந்தன. கட்டி மீண்டும் அதே இடத்தில் தோன்றுவதில் வேறுபாடு இல்லை.

எனினும் இது ஒருபக்கக் கணக்கன்று. அதே நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் கழித்து ஆராய்ந்து 2005 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட முடிவுகளில், குறிப்பிடத்தக்க நார்த்திசு இறுக்கம் பின் பெற்றவர்களில் 48 விழுக்காட்டினருக்கும், முன் பெற்றவர்களில் 31.5 விழுக்காட்டினருக்கும் காணப்பட்டது. காயச் சிக்கல் பெரும்பாலும் சில மாதங்களில் தீரக்கூடியது. நார்த்திசு இறுக்கமோ மூட்டின் இயக்கத்தை நிரந்தரமாகக் குறைக்கக்கூடியது. இதனால் பல மையங்கள், காயச் சிக்கல் மிகும் என்பதை அறிந்தே முன்கதிர்வீச்சைத் தேர்ந்தெடுக்கின்றன. அச்சிக்கலை எதிர்கொள்வதில் காயப் பராமரிப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

முன்கதிர்வீச்சு பெற்றவர்களில் அறுவை பொதுவாகச் சில வார இடைவெளிக்குப் பின் செய்யப்படுகிறது. தையல்கள் வழக்கமான 10 முதல் 14 நாட்களைக் காட்டிலும் நீண்ட காலம் விடப்படுவதுண்டு. வலுவான ஒட்டுப்பசை தோலைக் கிழிக்கக்கூடும் என்பதால் சிலிக்கோன் ஒட்டுப்பொருள் விரும்பப்படுகிறது. அறுவைக்குப் பின் கதிர்வீச்சு பெறுபவர்களில் தடித்த காயக்கட்டு தோலில் படியும் கதிர்வீச்சின் அளவைக் கூட்டக்கூடும். ஆகவே எவ்வகைக் காயக்கட்டு இடப்பட்டுள்ளது என்பது கதிர்வீச்சுக் குழுவுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும்.

காயம் ஆறுதலைப் பாதிக்கும் பிற காரணிகள்

வேதிச்சிகிச்சை மருந்துகள் வெள்ளை அணுக்களைக் குறைப்பதால் தொற்று வாய்ப்பு மிகுகிறது. இதனால் அறுவைக்குப் பின் காயம் போதிய அளவு ஆறிய பின்னரே அவை தொடங்கப்படுகின்றன. புதிய குருதிக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்துகளான பசோபனிப் போன்றவை காயம் ஆறுதலையும் தடுப்பதால், அறுவைக்கு முன்னரே நிறுத்தப்படுகின்றன.

புகைபிடித்தல் குருதிக்குழாய்களைச் சுருக்கித் திசுவுக்குச் செல்லும் ஆக்சிசனைக் குறைக்கிறது. கட்டுப்பாடற்ற நீரிழிவு வெள்ளை அணுக்களின் செயலைக் குன்றச் செய்கிறது. கொலாஜென் உருவாக்கத்துக்குப் புரதமும் உயிர்ச்சத்து சியும் தேவை. அறுவைக்குப் பின் முட்டை, மீன், பால் போன்றவற்றை விலக்கிப் பத்தியம் இருப்பது, கசியும் காயநீரில் புரதத்தை இழந்துகொண்டிருக்கும் நோயாளிக்கு மேலும் இழப்பையே தரும். பெரிய கட்டி, உடற்பருமன், காலில் அமைந்த காயம் ஆகியவையும் சிக்கல் வாய்ப்பைக் கூட்டுகின்றன. கையில் உள்ள காயங்கள் ஒப்பீட்டளவில் எளிதில் ஆறுகின்றன.

வீட்டில் பராமரிப்பு

* காயக்கட்டைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும்.
* மூடப்பட்ட காயத்தில் 48 மணி நேரத்துக்குப் பின், மருத்துவர் தடை கூறாவிடில், நீர் மேலிருந்து விழுமாறு குளிக்கலாம். தொட்டி, குளம், ஆறு ஆகியவற்றில் மூழ்கிக் குளிப்பதைத் தவிர்க்க வேண்டும்.
* திறந்த காயத்தைக் கழுவ நுண்ணுயிர் நீக்கிய உப்புக் கரைசல் போதுமானது. ஐதரசன் பெராக்சைடு போன்ற வலுவான நீர்மங்கள் புதிய உயிரணுக்களையும் அழிக்கும்.
* மஞ்சள்தூள், காப்பித்தூள், சாம்பல் முதலியவற்றைக் காயத்தில் இடக்கூடாது. அவற்றில் நுண்ணுயிர்கள் இருக்கக்கூடும். காயத்தின் நிறமும் மறைந்துவிடும்.
* ஒட்டிக்கொண்ட காயக்கட்டை இழுக்காமல் உப்புக் கரைசலால் நனைத்துப் பிரிக்க வேண்டும்.
* காலில் காயம் உடையோர் அமரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைப்பது வீக்கத்தைக் குறைக்கும்.
* காயக்கட்டு மாற்றும் நாள், கசிவின் நிறம், அளவு, மணம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவருவது மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

உடனே மருத்துவரை அணுக வேண்டிய அறிகுறிகள்

முதல் சில நாட்களில் சிறிதளவு இளஞ்சிவப்பு அல்லது வெளிர்மஞ்சள் நிற நீர் கசிவது இயல்பு. அது நாளுக்கு நாள் குறைந்துவர வேண்டும். குறைந்துவந்த கசிவு மீண்டும் மிகுவது கவனிக்கத்தக்கது. பின்வருவன காணப்பட்டால் காத்திருக்கக் கூடாது.

* காயக்கட்டை நனைத்துப் பெருகும் செங்குருதி
* காய்ச்சல், குளிர்நடுக்கம்
* பரவும் சிவப்பு, மிகும் வலி, சீழ், துர்நாற்றம்
* திடீரென உப்பிவரும் வீக்கம்
* தையல் பிரிந்து உட்பகுதி தெரிதல்
* தோலின் விளிம்பு கருத்தல், மடலின் நிறம் நீலமாதல் அல்லது வெளிறுதல்
* விரல்கள் குளிர்ந்து மரத்துப்போதல்

காயம் ஆறிய பின்னர் தழும்பிலோ அதன் அருகிலோ புதிய கட்டி தென்பட்டால் அதைத் தழும்பின் தடிப்பு என்று விட்டுவிடாமல் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். காயக்கட்டு தேவைப்படும் காலம் சில வாரங்களே எனினும், அறுவை செய்த இடத்தைக் கண்காணிக்கும் காலம் பல ஆண்டுகள் நீடிக்கிறது.